குடுமியும் சந்தனமும்

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி, காவி உடுத்து, புலால் விலக்கி, தமிழும் வடமொழியும் கற்று, கற்றோருடன் அவர்தம் தருக்க முறையிலேயே சமயம் பேசியபோது, அவரைக் குற்றஞ்சாட்டியவர்களுள் அவர் சபையினரும் இருந்தனர். குடுமியும் பூணூலும் சந்தனமும் சமயச் சின்னங்கள் அல்ல, குடிவழக்கங்களே என்று அவர் வாதிட, திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623இல் வெளியிட்ட ஆணைமடல், அதாவது திருச்சபையின் உயர் அதிகார ஆவணம், புதுக் கிறிஸ்தவர்கள் அவற்றைத் தொடர இசைந்தது. கிறிஸ்தவராவது பறங்கியராவதே என்ற மயக்கத்தை அது தளர்த்தியது. அந்தப் பெருமை சிறிதன்று. ஆயினும் அதே வாதம் சாதிப் பிரிவையும் வெறும் குடிவழக்கமாகவே கொண்டதால், பின்னர் ஒடுக்கப்பட்டோரிடையே பணியாற்றப் பண்டார சுவாமிகள் எனும் தனித் துறவியர் தேவைப்பட்டனர். உடையிலும் மொழியிலும் நோபிலி கண்ட தெளிவு சாதியில் அவருக்கு வாய்க்கவில்லை.