எத்தனை டன் ஏறும்?

ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு கப்பல் கட்டுகிறேன் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். மேற்கே மலை, கிழக்கே கரிசல். உப்புத் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கு பஸ் ஏற வேண்டும். அந்தத் தூத்துக்குடிதான் எனக்கு இந்தக் கிறுக்கைப் பிடிக்க வைத்தது. நூற்பாலை ஒன்றின் ஏற்றுமதிப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். நூல் பெட்டிகள் கப்பலேறும் வரை துறைமுகத்தில் காத்துக் கிடக்கும்போது பழைய துறைமுகத்துப் பக்கம் போய்த் தோணிகளை வேடிக்கை பார்ப்பேன். ஓய்வுபெற்ற பிறகு பார்த்ததைக் கை செய்ய ஆரம்பித்தது. இப்போது திண்ணை முழுக்க மரத்தூள். வீட்டில் பெருக்கி மாளவில்லை என்ற புகாரும் உண்டு.

பலகையிலிருப்பது 'டிரிங்கோமலி'யின் சிறு உருவம். அசல் 1817இல் பம்பாயில் ஜம்சேட்ஜி போமன்ஜி வாடியா கட்டிய ஆங்கிலேயப் போர்க்கப்பல். நெப்போலியன் காலத்துச் சண்டைகளில் இங்கிலாந்தின் ஓக் மரம் தீர்ந்துபோய்க்கொண்டிருந்ததால் மலபார்த் தேக்கில் கட்டினார்கள். இன்றும் ஹார்ட்டில்பூல் ஊரில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. என்னுடையது ஓரடிக்கு அரைக்கால் அங்குலக் கணக்கு. உடல் ஒன்றரை அடிக்குச் சற்று மேல். விலா எலும்பு மாதிரியான வங்குகளுக்கு ஆசாரி பட்டறையில் கழித்துப்போட்ட தேக்கு, மேல்பலகைக்கு மஞ்சக்கடம்பு. தீக்குச்சி கனத்துக்குச் சீவிய பலகையை வெந்நீரில் ஊறவைத்து, சூடான இரும்புக் குழாயில் மெல்ல வளைத்து, அணியத்தின் வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் வளைகிற இடத்தில் நார் எழும்பிப் பலகை பிளந்துவிடும். பாய்க்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியில் தொடங்கி மல் துணி வரை பார்த்தாகிவிட்டது. கப்பலைச் சுருக்கலாம், நூலைச் சுருக்க முடியாது. இந்த அளவில் துணியின் ஒவ்வொரு இழையும் வடக்கயிறு மாதிரி தெரிகிறது.

தூத்துக்குடியில் பழக்கமான பெரியவர் ஒருவர், தோணித் தலைவராக, அதாவது தண்டலாக, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவர், பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான் தம்பி. எத்தன டன் ஏறும்?"

"இது காட்சிக்கு வைக்கிறது அண்ணாச்சி."

"அப்பிடின்னா இது கப்பல் இல்லயே. கப்பலோட போட்டோ."

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. சனிக்கிழமை தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவன் நான். பிரளய வெள்ளத்தில் ஆலிலைமேல் குழந்தையாகக் கிடந்தவன் என்று புராணம் சொல்கிற வடபத்ரசாயியைப் படியேறிப் போய்க் கும்பிடுகிறவன். சரக்கு ஏறாத சிறு உருவம் வெறும் போட்டோதான் என்றால், உலகமெல்லாம் வயிற்றில் வைத்திருப்பவனை ஒரு கர்ப்பகிருகத்துக்குள் கும்பிடுகிறேனே, அது என்ன?

இந்தக் கேள்விக்கு வைஷ்ணவத்தில் பதில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசன பூஷணத்தில் இறைவனின் ஐந்து நிலைகளையும் ஐந்து தண்ணீராகக் காட்டுகிறார். உள்ளே உறையும் அந்தர்யாமி நிலத்தடி நீர். வைகுந்தத்துப் பரம்பொருள் அண்டத்தைச் சூழ்ந்த நீர். வியூகம் பாற்கடல். ராமனும் கண்ணனும் வெள்ளம் ஓடிப்போன ஆறு. கோயிலில் நிற்கும் அர்ச்சை, அந்த ஆறு வடிந்தபின் தேங்கி நிற்கும் மடு. தாகத்தோடு வந்தவனுக்குக் குனிந்து அள்ள முடிவது மடு ஒன்றைத்தான். முக்கியமான விஷயம், மடு ஆற்றின் படம் இல்லை; அதே தண்ணீர்.

தண்ணீரைச் சுருக்க முடியாது என்பதைப் பொறியியலும் ஒப்புக்கொள்கிறது. 1870களில் இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் தொட்டி கட்டிச் சிறு கப்பல்களை இழுத்துப் பார்த்தார். கப்பலின் நீளத்தை நூறில் ஒன்றாக்கினால் வேகத்தைப் பத்தில் ஒன்றாக்கினால்தான் அலை பொருந்தும் என்று கண்டார். என் டிரிங்கோமலியைக் கண்மாயில் விட்டால் தக்கை மாதிரி துள்ளும். பெரிய கப்பலின் நிதானம் அதற்கு வராது. ஆகவே பெரியவர் சொன்னது சரி. பெருமாள் விஷயத்தில் அது செல்லாது, என் விஷயத்தில் செல்லும்.

ஆனால் நானும் சும்மா விடவில்லை. உவரியில் கப்பல் மாதா கோயில் இருக்கிறது. கட்டடமே கப்பல் வடிவம். பெரியவர் வருஷம் தவறாமல் அங்கே போகிறவர். "அந்தக் கப்பல்ல எத்தன டன் ஏறும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "அதுல நாங்க ஊரே ஏறியிருக்கோம்லா" என்றார். நாகூர்க் கந்தூரியில் கப்பல் வடிவ ரதங்கள் தெருவில் வருவதை அப்போது நினைத்துக்கொண்டேன். அவற்றுக்கும் தண்ணீர் தேவைப்படவில்லை.

அப்படியானால் கப்பலைக் கப்பலாக்குவது எது? கிரேக்கர்கள் இதை வேறு முனையிலிருந்து கேட்டார்கள். தீசியஸின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பாதுகாத்தார்கள், இற்றுப்போன பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்துக்கொண்டே வந்தார்கள், கடைசியில் அது பழைய கப்பலா, வேறு கப்பலா என்று புளூட்டார்க் காலத்துக்கும் முன்பே தத்துவக்காரர்கள் சண்டை போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் யாரையும் இந்தக் கேள்வி தொந்தரவு செய்யாது. ஆடிப்பூரத்தன்று நான்கு ரத வீதியிலும் வரும் தேருக்கு மரச்சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்துவிட்டது, பிரேக்கும் வந்துவிட்டது. இது அதே தேர்தானா என்று வடம் பிடிக்கிறவன் எவனும் கேட்டதில்லை. ஆண்டாள் தேர், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான கேஸ் தூத்துக்குடியில் நடந்தது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன, கொழும்புக்கு ஓடின. 1908இல் அவரைச் சிறையில் போட்டார்கள். 1911இல் கம்பெனி கலைந்தது, கப்பல் போட்டிக்காரர்களிடமே போய்ச் சேர்ந்தது. ஓர் ஆணி மாறவில்லை. ஆனால் சுதேசிக் கப்பல் அன்றோடு இல்லை. தேரில் மரம் மாறியும் தேர் மாறவில்லை. இங்கே எதுவும் மாறாமல் கப்பல் மாறிவிட்டது. ஏதென்ஸ் தத்துவக்காரர்கள் பலகையை எண்ணியதற்குப் பதில் யாருடையது என்று கேட்டிருக்கலாம்.

வைஷ்ணவ ஆசாரியர்கள் கேட்டது அதைத்தான். ஆத்மாவின் ஆத்மத் தன்மை எது, அறிவா, சேஷத்வமா, அதாவது இன்னாருக்கு உரியது என்கிற நிலையா? அவர்கள் சேஷத்வத்தின் பக்கம் நின்றார்கள். நான் யார் என்பது நான் யாருக்கு என்பதில் இருக்கிறது. இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. பறித்துக்கொண்டவனும் உடையவன் ஆகிவிடுவானே? மலபார்த் தேக்கு, பம்பாய்க் கை, ஆனால் டிரிங்கோமலி இங்கிலாந்தின் பெருமை. காலியாவை வாங்கியவனும் பத்திரத்தோடுதான் வாங்கினான். இதற்காகத்தான் 'ஆத்மாபஹாரம்' என்று ஒரு குற்றத்தையே வகுத்திருக்கிறார்கள். எம்பெருமான் சொத்தைத் தன் சொத்தென்று நினைக்கிற திருட்டு. பத்திரம் இருந்தாலும் திருட்டு திருட்டுதான்.

கடல் இல்லாத ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு ஆண்டாள் தோணி கேட்டிருக்கிறாள். நாச்சியார் திருமொழியில் குயிலிடம் பேசும் பதிகத்தில், துயரக் கடலில் விழுந்து, வைகுந்தன் என்ற தோணி கிடைக்காமல் தவிப்பதாகச் சொல்கிறாள். அவள் தோணியின் அழகைப் பேசவில்லை. ஏற்றிக்கொள்ளுமா என்பது ஒன்றுதான் அவள் கவலை. தண்டல் பெரியவர் கேட்டதும் ஏறக்குறைய அதுதானே.

இப்போது என் திண்ணைக் கப்பலிடம் இதைக் கேட்டாக வேண்டும்: நீ யாருக்கு? டிரிங்கோமலிக்கு நான் தேவையே இல்லை. அசல் கப்பலே இருக்கிறது. சோழர் கப்பல் செய்யுங்கள் என்று சொல்லாத நண்பர் இல்லை. 1025இல் ராஜேந்திரன் கடாரம் வரை படை அனுப்பியதைக் கல்வெட்டு சொல்கிறது, அந்தக் கப்பல் எப்படி இருந்தது என்று சொல்லவில்லை. பல்லவர் காசில் இரண்டு பாய்மரம் தெரிகிறது, போரோபுதூர்ச் சிற்பத்தில் ஒரு கப்பல் தெரிகிறது. இவற்றை ஒட்டுப்போட்டு முகப்பில் புலித்தலை வைத்துச் சோழர் கப்பல் என்று விற்பது பொம்மை வியாபாரம். விக்கிரகம் செய்கிற சிற்பிக்குக்கூட ஆகமம் என்று ஒரு கட்டு இருக்கிறது. இந்த வியாபாரிகளுக்கு அதுவும் கிடையாது. 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்த 'கௌண்டின்யா' கப்பலை நான் மதிக்கிறேன். அஜந்தா ஓவியத்தை ஆதாரமாக வைத்து, பலகைகளைக் கயிற்றால் தைத்து, சென்னை ஐஐடியில் அதன் சிறு வடிவத்தைத் தண்ணீரில் சோதித்துக் கட்டினார்கள். அலங்காரத்தில் ஹரப்பாவிலிருந்து யாளி வரை பல காலங்கள் கலந்துகிடப்பது வேறு விஷயம். மனிதர்களை ஏற்றிக்கொண்டு கடலில் போகிற கப்பல் அது.

அந்தச் சிறு வடிவம்தான் எனக்கு வழி காட்டியது. சரக்கு ஏறாவிட்டாலும், பின்னால் ஏறப்போகிற ஒன்றுக்கு உரியதாக இருந்தால் அது போட்டோ இல்லை. டிரிங்கோமலியை ஒதுக்கிவைத்துவிட்டுத் தூத்துக்குடித் தோணியைத் தொடங்கப்போகிறேன். நிஜத் தோணியை அளந்து, வங்குக்கு வங்கு அப்படியே வைத்து, நாளைக்கு ஒருவன் பார்த்துப் பெரிதாகக் கட்டுகிற மாதிரி.

தோணி கட்டும் தச்சர்களான ஓடாவிகள் காகிதத்தில் வரைந்துகொண்டு கட்டுவதில்லை; கணக்கெல்லாம் மூத்தவர் தலையில். கப்பல் சாத்திரம் என்ற பழைய சுவடி 1950இல் சென்னையில் அச்சேறியது, ஆனால் அதில் அடிமரமான ஏராக்கட்டையின் நீளத்துக்குச் சுபபலன் பார்ப்பதுதான் அதிகம். ஆகவே தூத்துக்குடிப் பக்கத்துப் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு தோணித்துறைக்குப் போங்கள். முதலில் மூத்த ஓடாவியிடம் அனுமதி கேளுங்கள், அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பழுது பார்க்கக் கரையேற்றியிருக்கும் சமயம் போனால் அடிப்பகுதியையும் அளந்துவிடலாம்.