பயத்தின் வரைபடம்

2013இல் டில்லியில் வெளிவந்த 'சேஃப்டிபின்' என்ற கைபேசிச் செயலி, வெளிச்சம், திறந்தவெளி, ஆள் நடமாட்டம் என்று தெருக்களை அளந்து மதிப்பெண் போடுகிறது. அளவைகளில் ஒன்று, அங்கே நிற்பவரின் உணர்வு. இரவில் தனியே நடக்கும் பெண்ணின் பயத்தை ஒரு சாட்சியமாக ஏற்றது நியாயம்தான். காவல்நிலையப் பதிவேடு புகாராக வந்ததை மட்டுமே அறியும்.

என் சங்கடம் வேறு. பெசன்ட் நகர்க் கடற்கரையின் வடகோடியில் ஊரூர் ஆல்காட் குப்பம். அதன் எல்லையில், ஆணான என் கால் தயங்குகிறது. எனக்கு அங்கே எதுவும் நேர்ந்ததில்லை. தயக்கம் இருப்பது என்னுள்; வரைபடத்தில் குறித்துவிட்டால் அது குப்பத்தின் குணமாகிவிடும். அங்கே வலை சரிசெய்துகொண்டிருப்பவர் என்னைப் பார்த்து என்ன உணர்ந்தார் என்று நான் கேட்டதுமில்லை.

இதே கரையில், 1930இல் பிறரைக் காப்பாற்றப்போய் இறந்த டேனிஷ்காரர் ஷ்மிட்டின் நினைவுச்சின்னம் நிற்கிறது. அவரைக் கொண்டுபோனது கடல். அதன் எதிரில்தான் குழந்தைகளோடு உட்கார்ந்து நிம்மதியாகக் காற்று வாங்குகிறோம். ஆக, பயம் சாவுக் கணக்கைப் பார்ப்பதில்லை. பழக்கத்தை, வர்க்கத்தை, சாதியைப் பார்க்கிறது.

அந்தப் பெண்ணின் பயத்துக்கும் என் தயக்கத்துக்கும் வரைபடத்தில் ஒரே நிறம். இரண்டையும் பிரித்தறிவது என் பொறுப்பு. குப்பத்துக்குள் நடந்து போய்ப் பேசுவதைத் தவிர அதற்கு வேறு உபாயம் எனக்குத் தெரியவில்லை.