மனப்பாடத்தைக் கிழித்துப் போடு!

பாலிமார்பிசம் என்றால் என்ன? "ஒரே பெயர், பல வடிவம்" என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாய். "சரி, இந்த வரியில் எந்த ஃபங்ஷன் ஓடும்?" என்று அடுத்த கேள்வி வந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அன்று இரவே, "எனக்கும் கோடிங்குக்கும் ஒத்து வராது" என்று முடிவு கட்டிவிடுகிறாய். யாரைக் கேட்டு அந்தத் தீர்ப்பை எழுதினாய்? உனக்கு மூளையில் குறைச்சல் ஒன்றும் இல்லை. விடையை மட்டும் கையில் திணித்துவிட்டு, அந்த விடை பிறந்த சிக்கலை உனக்குக் காட்டாமலே விட்டுவிட்டார்கள்!

அந்தச் சிக்கல் பிறந்தது 1960களில், நார்வேயின் ஆஸ்லோ நகரில். நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர், வரிசைகளையும் காத்திருப்பையும் கணினியில் ஓட்டிப் பார்க்க ஒரு மொழியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நிற்பது எதுவானாலும், தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்ற விவரம் அதற்கு வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் அதையே திரும்பத் திரும்ப எழுதுவதா? பொதுவானதை ஒரு கிளாஸில் வைத்து, மற்றவற்றை அதன்மேல் எழுப்பினார்கள். சிமுலா 67 பிறந்தது. 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. கண்முன் நின்ற தொல்லையைத் தீர்க்க உட்கார்ந்தவர்கள் அவர்கள். நீயும் அங்கிருந்தே தொடங்கு!

சுங்கச்சாவடிக்கு ஒரு புரோகிராம் எழுது. 'வாகனம்' என்று ஒரு கிளாஸ்: அதில் பதிவெண், வந்த நேரம், அடிப்படைத் தொகையைச் சொல்லும் 'கட்டணம்' என்ற ஃபங்ஷன். கார், பஸ், லாரி மூன்றும் அதிலிருந்து பிறக்கட்டும். பதிவெண்ணை மறுபடி எழுத வேண்டாம். இன்ஹெரிட்டன்ஸ் அதைக் கொண்டுவந்து சேர்க்கும். கட்டணத்தை மட்டும் ஒவ்வொன்றும் தன் கணக்குப்படி ஓவர்ரைடு செய்யட்டும். இப்போது எல்லா வாகனங்களையும் ஒரு லூப்பில் விட்டுக் கட்டணம் கேள். வந்து நிற்பது லாரியா காரா என்று லூப்புக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். லாரி தன் தொகையைச் சொல்லும், கார் தன் தொகையைச் சொல்லும். நடுவில் ஓர் இஃப்கூட இல்லை! நீ ஒப்பித்துக்கொண்டிருந்த பாலிமார்பிசம் இதோ உன் திரையில் ஓடுகிறது.

இதோடு எழுந்துவிடாதே. சி பிளஸ் பிளஸில் எழுதியிருந்தால், பேரன்ட் கிளாஸான 'வாகனம்' உள்ளே, 'கட்டணம்' ஃபங்ஷனுக்கு முன்னால் இருக்கும் 'விர்ச்சுவல்' என்ற சொல்லை அழி. கார், பஸ், லாரி என்ற சைல்ட் கிளாஸ்களில் 'ஓவர்ரைடு' என்று போட்டிருந்தால் அதையும் எடு. மறுபடி ஓட்டு. 'வாகனம்' பாயிண்டர் வழியாகக் கேட்டால், லாரியும் பஸ்ஸும் அதே அடிப்படைத் தொகையைத்தான் சொல்லும். ஏன்? பாயிண்டரின் வகையை மட்டும் பார்த்து, எதை அழைப்பது என்று கம்பைலர் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. விர்ச்சுவல் இருந்தால் கதை வேறு. வழக்கமான கம்பைலர்கள் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஃபங்ஷன் முகவரிகளின் அட்டவணை ஒன்றைப் போட்டுவைக்கும். அது எங்கே இருக்கிறது என்பதை ஆப்ஜெக்ட் தன்னோடு சுமந்து திரியும். அழைப்பு வந்ததும் புரோகிராம் அந்த அட்டவணையைப் பார்த்து உரிய இடத்துக்குத் தாவும். ஜாவாவில் சாதாரண மெத்தட்களுக்கு, நீ கேட்காமலே இப்படித்தான் நடக்கும். இவ்வளவுதான் அந்தப் பூதம்! இதற்கா தூக்கத்தைத் தொலைத்தாய்?

நாலு வரி மிச்சமாகிறதே என்பதற்காக இன்ஹெரிட் செய்யாதே. லாரி ஒரு வாகனம், சரி. லாரி ஓர் என்ஜினா? இல்லை, அதற்குள் என்ஜின் இருக்கிறது, உறுப்பாக வை. பேரன்ட் நிற்கும் இடத்தில் சைல்டை நிறுத்தினாலும் புரோகிராம் தடுமாறக் கூடாது என்ற கருத்தை 1987இல் ஓர் உரையில் முன்வைத்தவர் பார்பரா லிஸ்கோவ். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாதா? பூஜ்யத்தைத் திருப்பிக் கொடு. அதை விட்டுவிட்டு எக்செப்ஷனை வீசினால், பின்னால் நிற்கும் அத்தனை வண்டியும் மாட்டிக்கொள்ளும். பேரன்டின் ஃபங்ஷன் பெயரை வாங்கிக்கொண்டாய் அல்லவா, அது கொடுத்த வாக்கையும் காப்பாற்று!

உட்கார் இப்போதே. லேப்டாப் இல்லையென்றால் மொபைலில் ஆன்லைன் கம்பைலரைத் திற. 'டிராக்டர்' என்று புதுக் கிளாஸ் ஒன்றைச் சேர். லூப்பில் ஒரு வரியையும் தொடாமல் அது ஓட வேண்டும். ஓடிவிட்டதா? அடுத்து, சி பிளஸ் பிளஸில், 'வாகனம்' கிளாஸிலிருந்து வந்த இரண்டு கிளாஸ்களைச் சேர்த்து ஒரே கிளாஸில் இன்ஹெரிட் செய். அதற்குள் பதிவெண் ஒன்று இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா என்று கம்பைலரிடமே கேள்.