வானமும் தராசும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நாம் தராசைப் பிடித்து வாழ்ந்த சமூகத்தார். நம் பாட்டன்மார் கடல் கடந்து இத்தீவிலே கடை வைத்த நாள் முதல், நிறுவையிலே நாணயம் என்ற ஒரே முதலைக் கொண்டு பிழைத்தார்கள். அளவிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டித்துத் திருமறையிலே ஒரு தனி அத்தியாயமே இருப்பதை ஓதும் பள்ளியிலேயே நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயத்திலே இன்னொரு விஷயமும் உண்டு. வானத்தை உயர்த்தியதைச் சொல்லும் அல்லாஹுத் தஆலா, அதை அடுத்தே தராசை ஏற்படுத்தியதையும் சொல்கிறான். அந்தத் தராசிலே வரம்பு மீறலாகாது என்றும் எச்சரிக்கிறான். வானத்துக்கும் தராசுக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் பலர் நினைத்துப் பார்த்ததில்லை. நினைத்துப் பார்க்க வேண்டிய காலம் இப்போது வந்திருக்கிறது.

சகோதரர்களே! புகைக்கும் எடை உண்டு. நம் சரக்கு வண்டி ஒரு லிட்டர் டீசலை எரித்தால், சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. ‘எண்ணெயே ஒரு கிலோ இல்லையே, புகை எப்படி அதைவிடக் கனக்கும்?’ என்று கேட்கலாம். எண்ணெயிலுள்ள கரி எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவையும் சேர்த்துக் கொள்கிறது. அதனால் எடை ஏறிவிடுகிறது. சிங்கப்பூரில் ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்கச் சுமார் 400 கிராம் வாயு வானத்துக்குப் போகிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பு, காற்றின் பத்து லட்சம் பங்கிலே இவ்வாயு சுமார் 280 பங்கு இருந்தது. இன்றோ 420 பங்கைத் தாண்டிவிட்டது. பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் போர்வை போல் மூடிக்கொள்வது இவ்வாயுவின் குணம். கணக்கெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து 2024-ஆம் ஆண்டைப் போல் வெப்பம் மிகுந்த ஆண்டு வந்ததில்லை என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

அல்லாஹ் நிறுத்திய தராசிலே ஒரு தட்டை நாம் கையால் அழுத்திக் கொண்டிருக்கிறோம் என்பதன்றி இதற்கு வேறு என்ன பொருள்?

இதை நாம் ஏன் கடன் என்கிறோம் என்பதைக் கூறவேண்டும். பேரேட்டில் கொள்முதலை எழுதுகிறோம், வாடகையை எழுதுகிறோம், ஆட்கூலியை எழுதுகிறோம். புகையின் செலவை மட்டும் எவரும் எழுதுவதில்லை. எழுதாததனால் கடன் இல்லாமற் போய்விடுமா? ஒருமுறை ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது, இவர்மீது கடன் உண்டா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். உண்டென்றும், அடைக்க எதையும் அவர் விட்டுச்செல்லவில்லை என்றும் தெரிந்தபோது, தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அக்கடனுக்கு ஒரு தோழர் பொறுப்பேற்ற பின்பே தாம் முன்னின்று தொழவைத்தார்கள். இச்சம்பவத்தைக் கேட்டு நடுங்காத வியாபாரி உண்டா? நம் புகைக்கடனுக்குப் பொறுப்பேற்கப் போகிறவர் யார்? நம்மைக் கேட்காமலே அது நம் பிள்ளைகளின் தலையில் இறங்குகிறது.

எப்படி இறங்குகிறது என்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம். தெலுக் ஆயர் தெருவிலே, குச்சுப் பள்ளி என்று நம்மவர் அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசலும், 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்காவும் இருக்கின்றன. அக்காலத்தில் அத்தெருவே கடற்கரை. கப்பல் விட்டு இறங்கிய நம்மவர் கால் வைத்த இடம் அது. பிறகு மனிதர் மண்ணைக் கொட்டிக் கடலைத் தூரத்தே தள்ளினார்கள். இப்போது கடல் திரும்பி வரப் பார்க்கிறது. இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024-ல் வெளியான அரசாங்க ஆய்வு கூறியது. தீவின் நிலத்தில் சுமார் 30 சதவீதம், கடல்மட்டத்துக்குமேல் 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலேயே இருக்கிறது. கரையைக் காக்க நூறு ஆண்டுகளில் 10,000 கோடி வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று 2019-ல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் கூறினார். எழுதாத கடன் எவ்வளவு பெருகிவிட்டது பாருங்கள்!

புனித மக்காவையும் நினையுங்கள். 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது ஹரம் ஷரீஃபில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,300-க்கும் மேற்பட்ட ஹாஜிகள் வஃபாத்தானார்கள். அவர்களில் பெரும்பாலோர், முறைப்படி பதிவு பெறாததனால் நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். மக்கா என்றும் வெப்பமுள்ள பூமிதான். ஆனால் அந்த வெப்பத்துக்குமேல் நாமும் வெப்பத்தை ஏற்றினால் முதலில் விழுபவர் ஏழையே.

‘சரி, இதற்கு நாம் என்ன செய்வது? உலகப் புகையில் சிங்கப்பூரின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுதானே!’ என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். அக்கணக்கு மெய்தான். ஆனால் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமையாகச் சொன்னார்கள். மேல்தட்டில் சிலரும் கீழ்த்தட்டில் சிலரும் பிரயாணம் செய்கிறார்கள். கீழே உள்ளவர்கள், தண்ணீருக்காக மேலே போய் மற்றவரைத் தொந்தரவு செய்வானேன் என்று, தம் பகுதியிலேயே ஒரு துளை போட நினைக்கிறார்கள். அவர்களைத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். துளை சிறியதா, அது யாருடைய பகுதி என்ற வாதமெல்லாம் தண்ணீருக்குத் தெரியாது.

‘சூரிய மின்சாரம் இரவிலே வராதே, செலவும் பிடிக்குமே’ என்று வேறு சிலர் கூறுகிறார்கள். இதுவும் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. இந்நாட்டு மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவால் உண்டாவது. நிலக்கரியைவிட அதில் புகை ஏறக்குறையப் பாதிதான். ஆனாலும் புகை புகையே. தீவிலோ இடம் குறைவு. ஆகவேதான் 2021-ல் தெங்கே நீர்த்தேக்கத்தின்மேல் 1,22,000 சூரியத் தகடுகளை மிதக்கவிட்டார்கள். 2022-ல் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகக் கம்பியிலே இங்கு வந்து சேர்ந்தது. 2019-ல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி, 2024-ல் 25 வெள்ளியாயிற்று. 2026, 2027-ஆம் ஆண்டுகளுக்கு 45 வெள்ளி என்று விதிக்கப்பட்டது. பெரிய ஆலைகள் கட்டும் அவ்வரியில் ஒரு பகுதி நம் மின்கட்டணத்திலும் வந்து சேருகிறது. நாம் முணுமுணுக்கிறோம். ஆனால் நெடுநாள் எழுதாத கடனை இப்போதுதான் ஏட்டில் ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சுத்தமான சக்தி என்று பெயர் போட்டுவிட்டால் சரக்கு சுத்தமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அணை கட்டும்போது ஊரை இழக்கிற குடியானவன் இருக்கிறான். மின்கலத்துக்கு வேண்டிய கோபால்ட்டைக் காங்கோ நாட்டில் தோண்டுகிற சிறுவன் இருக்கிறான். விளக்கே காணாத மக்கள் உலகில் சுமார் 70 கோடிப் பேர் இருக்கிறார்கள். இருளிலேயே இருங்கள் என்று அவர்களிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. நெருப்பிலும் தண்ணீரிலும் எல்லா மனிதருக்கும் பங்குண்டு என்று போதித்த மார்க்கம் நம்முடையது. ஆகவே புதிய சக்தியையும் அதே தராசில் நிறுக்கவேண்டும். ஆனால் நிறுக்கிறேன் என்ற சாக்கிலே கடையையே திறக்காமல் இருந்துவிடலாகாது.

காற்றும் வெயிலும் நமக்குப் புதியனவா? நம் முன்னோரான மரக்காயர்கள் பாய்மரக் கப்பலிலே வந்தவர்கள். பருவக்காற்று திரும்பும் வரை துறையிலே காத்திருந்து, அல்லாஹ் அனுப்பிய காற்றையே கூலியில்லாத வேலையாளாகக் கொண்டு சரக்கு ஏற்றியவர்கள். இன்று தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் போய்வரும் சகோதரர்கள் அங்கே சுழலும் காற்றாலைகளைக் கண்டிருப்பார்கள். பாட்டனின் பாய்தான் இரும்பு உருவம் எடுத்து நிற்கிறது.

இனி நம் கடைக்கு வருவோம். குளிர்சாதனத்தை முடுக்கிவிட்டுக் கதவை அகலத் திறந்து வைக்கும் வழக்கத்தைப் பற்றி ஓர் இளம் வியாபாரியிடம் பேசினோம். “நானா, நான் மட்டும் கதவைச் சாத்தினால் பக்கத்துக் கடைக்கல்லவா ஆள் போகும்?” என்றார். அவர் சொன்னது நியாயம். ஒருவர் மட்டும் சாத்தினால் அவருக்கு நஷ்டம். வரிசை முழுவதும் சாத்தினால் எவருக்கும் நஷ்டமில்லை. நாம் சங்கமாகக் கூடியிருப்பது வேறெதற்கு? ஒரு தெருவின் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு நாள் பேசி முடிக்கக்கூடிய விஷயம் இது. பழைய குளிர்பெட்டி கெட்டுப்போகும்போது, அதிக ‘டிக்’ அடையாளம் உள்ளதை வாங்கலாம். விலை சற்றுக் கூடினாலும் மின்கட்டணத்தில் திரும்பி வரும். உணவுக்கடைச் சகோதரர்கள், இரவிலே கொட்டுகிற சோற்றோடு அதைச் சமைத்த நெருப்பையும் கொட்டுகிறோம் என்பதை நினைவில் வைக்கட்டும்.

பிறரைச் சொல்லி நாம் தப்பித்துக் கொள்ளப் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்த பின்னும் நம் மண்டபத்தில் விளக்கும் விசிறியும் ஓடிக்கொண்டிருந்ததை நாமே கண்டிருக்கிறோம். ஓடுகிற ஆற்றங்கரையிலே ஒளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று படித்த நாம், சுவிட்சை அணைக்கச் சோம்பியிருந்தோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

‘காலம் கடந்துவிட்டதே, இனி என்ன பயன்?’ என்று மனம் தளருவோருக்கு ஒரு சொல். கியாமத் நாளே வந்துவிட்டாலும், கையில் ஒரு கன்று இருந்து அதை நட முடியுமானால் நட்டுவிடும்படி நம் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். பலன் காண்பது நம் பொறுப்பல்ல. நடுவது நம் பொறுப்பு.

யா அல்லாஹ்! நீ நிறுத்திய தராசை நாங்கள் சாய்க்காமல் காப்பாயாக! எங்கள் பிள்ளைகளுக்குக் கடனை விட்டுச் செல்லாமல், குளிர்ந்த காற்றையும் தெளிந்த வானத்தையும் விட்டுச்செல்ல எங்களுக்கு அருள்வாயாக! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்தைத் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.