விலகுவதா, விலக்கப்படுவதா?



ஊசி போட்டுக்கொள்ளாதவனுக்கு வேலையில்லை என்று மேலிடம் உத்தரவிடுகிறது. மனம் ஒவ்வாத ஊழியன் தானே ராஜினாமாச் செய்வதா, நீக்கப்படும்வரை காத்திருப்பதா? 2021ஆம் ஆண்டில் கொரோனாத் தடுப்பூசியின் பொருட்டு இக்கேள்வி பல இல்லங்களில் எழுந்தது. இந்திய விமானப் படையில் ஊசியை மறுத்தோர் ஒன்பதின்மர்; அவருள் ஒருவர் பணிநீக்கம் பெற்றார் என அவ்வாண்டு குஜராத் உயர்நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு தெரிவித்தது. 2022 மே 2ஆம் நாள் உச்சநீதிமன்றம், எவரையும் வற்புறுத்தி ஊசி போடலாகாது என்றது. பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் கூறியது. சட்டம் இரு கரைகளைக் காட்டிற்று. நடுவே செல்லும் வழியை நாம் தம்மத்தில் தேடுவோம்.

அந்தமானில் பாராடாங் செல்லும் பாதையை நோக்குவோம். ஜிர்க்காடாங் சாவடியினின்று வண்டிகள் அணியாகப் புறப்பட்டு ஜாரவா மக்களின் வனத்தைக் கடக்கின்றன. வெளியார் கொணர்ந்த தட்டம்மை 1877இல் பெரிய அந்தமானியர் பலரை மாய்த்தது. 1999இல் ஜாரவரையும் வருத்தியது. எனவே அவ்வழியில் வண்டி ஓட்டுவோனும் காவல் நிற்போனும், தன் உடம்பைப் பற்றி மட்டும் எண்ணி அமைதல் தகாது.

புத்த பகவான் தம் மைந்தர் இராகுலருக்கு, கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு செயலையும் ஆராயக் கற்பித்தார். இது தனக்குத் துன்பமாகுமா, பிறர்க்குத் துன்பமாகுமா என்று செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் வினவுதல் வேண்டும்.

ஆதலின் ஐயமுற்றோன் முதலில் மருத்துவரை அணுகி, அவ்வூசி எந்நோயை எவ்வளவு தடுக்கும் என்று கேட்டறிக. பொய்ச் சான்றிதழ் பெறுதல் நான்காம் சீலத்தை முறிப்பதாகும். அதனைக் கனவிலும் கருதற்க. அறிந்த பின்னும் மனம் இசையாவிடில், அதிகாரியிடம் வெளிப்படையாய் உரைத்து வேறு பணி வேண்டுக.

வேறு பணி இல்லையெனில் யாது செய்வது? மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளில் ராஜினாமாவும் பணிநீக்கமும் பொதுவாக முந்தைய பணிக்காலப் பயனை இழக்கச் செய்வன. ஆகையால் சினத்தில் கையெழுத்திடற்க. இல்லாளோடும் மக்களோடும் கலந்து முடிவு செய்க. தன் இருப்பால் எளியோர்க்கு நோய் வருமென உணர்ந்தவன் தானே விலகுதல் தானமாகும். பிறர்க்குத் தீங்கில்லை, ஆணையே முறையற்றது எனத் தெளிந்தவன், கேட்கும் விளக்கத்திற்கு உண்மையே எழுதி, நீக்கப்பட்டாலும் பகையின்றிப் பொறுத்து, நீதிமன்றம் நாடலாம். அச்சமும் ஆணவமும் மட்டுமே தூண்டுமாயின், இரண்டும் வீண்.

அதிகாரிகளும் ஊழியன் சொல்லைக் கேளாது தண்டித்தல் கருணையன்று. ஒரு கையெழுத்தில் ஒரு குடும்பத்தின் சோறு அடங்கியுள்ளது.

சகல உயிர்களும் நோயின்றி வாழ்க!