காலிக் கட்டம் எதைச் சொல்கிறது?

ஆரக்கிள் எஸ்.கியூ.எல். சான்றிதழ் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ‘எச்.ஆர்.’ என்ற மாதிரித் தரவுத்தளம் கிட்டத்தட்ட மனப்பாடம். அதில் 107 ஊழியர்கள். நிறுவனத் தலைவர் ஸ்டீவன் கிங், ஊழியர் எண் 100. பயிற்சியில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: யாருக்கும் மேலாளராக இல்லாத ஊழியர்கள் யார் யார்? மாணவர் மேலாளர் எண்களை எல்லாம் உள்வினவலில் எடுத்து, அந்தப் பட்டியலில் இல்லாதவர்களைக் கேட்கும் ‘நாட் இன்’ போட்டு ஓட்டுகிறார். பிழைச் செய்தி எதுவும் வராது. விடையும் வராது. ஒரு வரிகூட!

காரணம் கிங்தான். அவருக்கு மேல் யாரும் இல்லாததால் அவருடைய மேலாளர் கட்டத்தில் ‘நல்’ என்ற காலிக் குறி இருக்கிறது. எந்த எண்ணை அந்த ‘நல்’லோடு ஒப்பிட்டாலும், சமம் என்றோ சமமில்லை என்றோ பதில் கிடைக்காது, ‘தெரியாது’ என்றுதான் கிடைக்கும். ‘நாட் இன்’னுக்கோ பட்டியலிலுள்ள ஒவ்வொன்றோடும் சமமில்லை என்ற உறுதி வேண்டும். ஒரே ஒரு ‘தெரியாது’ வந்தாலும் வரி விழுந்துவிடும்.

‘நாட் இன்’னுக்குப் பதில் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ போட்டால் விடை வந்து மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் கேள்வி அங்கேயே நிற்கிறது. கிங்குக்கு மேலாளர் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்த ஒன்றைத் தெரியாததாக இயந்திரம் ஏன் நடத்த வேண்டும்?

அதே அட்டவணையில் 72 பேருக்குக் கமிஷன் கட்டம் காலி. விற்பனை வேலையில் இல்லாதவர்களுக்குக் கமிஷன் என்ற பேச்சே இல்லை. 178ஆம் எண் ஊழியருக்குத் துறை எண் காலி. ஏன் என்று அட்டவணை சொல்வதில்லை. ஒருவருக்கு இல்லை, பலருக்குப் பொருந்தாது, ஒருவருக்கு என்னவென்றே தெரியாது. மூன்றுக்கும் ஒரே குறி.

தொடர்புநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை 1970இல் வகுத்த எட்கர் காட் இந்தச் சிக்கலை உணராதவர் அல்ல. 1979இல் ‘உண்மை, பொய், தெரியாது’ என்ற மும்மதிப்புத் தர்க்கத்தைத் தம் மாதிரிக்குள் கொண்டுவந்தார். 1990இல் வெளியான நூலில், இருக்க வேண்டியது கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு குறியும் பொருந்தவே பொருந்தாது என்பதற்கு வேறொரு குறியும் வேண்டும் என்றார். அவரோடு பணியாற்றிய கிறிஸ் டேட்டோ ‘நல்’லே வேண்டாம் என்று வாதாடினார். நடைமுறையில் நிலைத்தது ஒற்றைக் குறிதான். ஆரக்கிளோ இன்னும் ஒரு படி போய், ஒன்றுமே எழுதாத வெற்றுச் சரத்தையும் ‘நல்’லாகவே எடுத்துக்கொள்கிறது.

இந்திய மெய்யியல் இந்த இடத்தில் மிகக் கறாராக இருந்திருக்கிறது. பிற்கால வைசேஷிகர்கள் இன்மையை, அதாவது அபாவத்தை, ஏழாவது பதார்த்தமாகவே, அதாவது தனிப் பொருள் வகையாகவே, வைத்தார்கள். அதிலும் நான்கு வகை: குடம் வனைவதற்கு முன் இல்லாதது ஒன்று, உடைந்தபின் இல்லாதது மற்றொன்று, காற்றில் நிறம் என்றுமே இல்லாதது வேறொன்று, குடம் துணியாக இல்லாதது இன்னொன்று. இன்மையை எப்படி அறிகிறோம் என்பதிலும் சண்டை. காட்சியே போதும் என்றது நியாயம். அனுபலப்தி, அதாவது காணாமை, என்ற தனி அளவை (அறியும் வழி) வேண்டும் என்றார்கள் பாட்ட மீமாம்சகர்கள். மணிமேகலையின் ‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’யிலும் அளவைகளின் வரிசையில் அபாவம் இடம்பெறுகிறது.

மீமாம்சகர்கள் விதித்த ஒரு நிபந்தனை தரவுத்தளம் வடிவமைப்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். பொருள் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில் காணாதது மட்டுமே இன்மையை அறிவிக்கும். வெளிச்சமான அறையில் குடத்தைக் காணோம் என்றால் குடம் இல்லை. இருட்டில் காணோம் என்றால் எதுவும் சொல்வதற்கில்லை. 1978இல் ரேமண்ட் ரைட்டர் எழுதிய ‘மூடிய உலக அனுமானம்’ ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வருகிறது: பதிவில் இல்லாததை இல்லை என்று கொள்ளலாம், பதிவு முழுமையாக இருந்தால்.

அந்த முழுமையை எந்த மென்பொருளும் தானாக உறுதிசெய்யாது. மேலாளர் உறவைத் தனி அட்டவணையாகப் பிரித்தால் கிங்குக்கு அங்கே வரியே இருக்காது, ‘நல்’ போய்விடும். ஆனால் வரி இல்லாதது மேலாளர் இல்லாததாலா, யாரும் பதிவு செய்யாததாலா? அதைச் சொல்ல வேண்டியவர் வடிவமைப்பவர்தான்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் கொண்ட தமிழர்களுக்குத் தெரியும். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போகிறது. முதற்பெயர்க் கட்டத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று போடச் சொல்கிறார்கள். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. விண்ணப்பிப்பவருடைய பெயரில் தெரியாதது எதுவுமே இல்லை. இரண்டாவது பெயர் ஒன்று அவருக்குக் கிடையாது, அவ்வளவுதான். இருந்தும், பிறகு எடுக்கும் ஓட்டுநர் உரிமம்வரை அந்த மூன்றெழுத்து சிலரைத் துரத்துகிறது. இன்மையை அறியாமையாகப் பதிவு செய்வது ஒரு மனிதரைப் பற்றிப் பொய் சொல்வதாகும்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் எச்.ஆர். அட்டவணையின் காலிக் கட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த வகை இன்மை என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். நாளை வேலையில் அமர்ந்து ஒரு பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்கும் முன், அதை நிரப்ப இயலாதவர் யார் என்று கேட்டுவிட்டு ‘நாட் நல்’ எழுதட்டும்.