முதலில் கார்புரேட்டரைப் பாருங்கள்

அமெரிக்கப் புறநகர்களில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வசந்தம் பிறந்ததும் மக்கர் பண்ணும். குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் கிடந்த பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரின் ஊசித்துளையில் பிசினாகப் படிந்திருக்கும். கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் எஞ்சின் உறுமிவிடும். பெல்ட், பேட்டரி, பிளேடு தேயத்தான் செய்யும். இதற்காகவா ஏறக்குறைய 2,000 டாலர் கொடுத்துப் புதிது வாங்குவது? எனக்கு மனசு ஒப்பவில்லை.

சிலிண்டரில் அழுத்தம் குறைந்து நீலப்புகை கக்கினால் கதை வேறு. பிளேடைத் தாங்கும் இரும்புக் கூடு துருவேறி, விரலால் அழுத்தினாலே பொத்துக்கொண்டாலும் அப்படித்தான். செலவு இழுத்துக்கொண்டே போகும். மாற்றிவிடுங்கள். ஆனால் கூடுதான் போயிருக்கிறது, எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்றால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். உதிரிபாகத்துக்கு அலைகிறவர் யாராவது நிச்சயம் இருப்பார், அவரிடம் கொடுங்கள்.